ஹவாய் மரபில் வானவில்

ஹவாய்த் தீவுகளின் பூர்வகுடி மக்கள் வானவில்லை ஆனுவேனுவே என்பார்கள். அவர்களுடைய பழைய நம்பிக்கையில் அது முதலாவதாக ஒரு குறி. கீழே நிலத்தில் யாரோ முக்கியமானவர் இருக்கிறார் என்று வானம் விரல் நீட்டிக் காட்டுவது போன்றது. தெய்வங்கள் இறங்கி வரும் பாதையாகவும், அவர்களுடைய செய்திகளைச் சுமந்து செல்லும் தூதாகவும், பயணம் கிளம்புகிறவனுக்குச் சகுனமாகவும் அது கதைகளில் வருகிறது. சுற்றுலாக் கையேடுகள் இவ்வளவையும் ‘அதிர்ஷ்டம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றன. கதைகளுக்குள் போனால் வேறு ஒன்று தெரியும். வானவில் வந்ததாலேயே மறைவிடம் வெளிப்பட்டு, ஒளிந்திருந்தவர் மறுபடியும் ஓட வேண்டிவந்த கதையும் அவற்றில் உண்டு.

சொல்

ஆனுவேனுவே என்பது பாலினேசிய மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல்லின் ஹவாய் வடிவம். சமோவாவில் நுவானுவா, தஹீத்தியில் ஆனுவானுவா, நியூசிலாந்தின் மாவோரி மொழியில் ஆனிவானிவா என்று அதன் உறவுச்சொற்கள் இன்றும் வழங்குகின்றன. தமிழில் வானவில் என்றதும் நமக்கு நாண் ஏற்றிய வில் கண்முன் வந்துவிடும். ஹவாய்ச் சொல்லில் அந்த வில் கிடையாது. அத்தீவுகளில் வில் போர்க்கருவியாக இருந்ததும் இல்லை. குலத்தலைவர்கள் பொழுதுபோக்காக எலி அடிப்பதற்கே அதைப் பயன்படுத்தினார்கள். ஈட்டியும் கவணும் கதாயுதமும்தான் அவர்களுடைய படைக்கலங்கள். எனவே வானத்தில் வளைந்து நிற்பதைப் பார்த்தபோது அவர்களுக்கு ஆயுதம் நினைவுக்கு வரவில்லை. சாலை நினைவுக்கு வந்தது. அரசச் சின்னம் நினைவுக்கு வந்தது.

ஆனுவேனுவே பொதுப்பெயர்தான். வானவில் எந்த நிலையில், எந்த வடிவில், எந்நேரம் தெரிகிறது என்பதைப் பொறுத்துத் தனித்தனிச் சொற்கள் உண்டு. நிலத்தோடு ஒட்டித் தாழ்ந்து கிடப்பது உவாகோகோ. ‘உவா’ மழை, ‘கோகோ’ குருதி. குருதி மழை என்று பொருள். செம்மண் கரைந்து ஓடைகள் சிவக்கும்படி கொட்டும் கனமழைக்கும் இதே பெயர். முழு வளைவு தெரியாமல் ஒரு துண்டு மட்டும் தூண்போல நிமிர்ந்து நின்றால் அது காஹிலி. இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படும்படி வெளிறியிருந்தால் புனாகேயா. சிவப்பு மிகுந்திருந்தால் மாகோலே. கண் சிவந்து நோவதற்கும் இதே சொல். மேகத்தின் ஓரத்தில் ஒட்டுத்துணி போலத் தெரியும் நிறத்துணுக்கு ஓனோஹி. இந்தச் சொல்லுக்குக் கண்மணி என்ற பொருளும் உண்டு. சூரியனையோ நிலவையோ சுற்றிய வட்டம் லுவாஹோவானா. நிலவொளியில் இரவில் தோன்றுவது ஆனுவேனுவே காவு போ.

இவை கவிஞர்கள் கற்பித்துக்கொண்ட பெயர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் வானத்தை உற்றுப் பார்த்த கண் இருக்கிறது. வானவில் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்ப்புறத்தில், ஏறத்தாழ 42 பாகை ஆரமுள்ள வட்டத்தின் பகுதியாகத்தான் தோன்றும். கதிரவன் அடிவானத்தில் இருக்கும்போது அரைவட்டம் முழுதாக எழும். கதிரவன் ஏற ஏற வில் கீழே இறங்கும். சூரியன் 40 பாகையை நெருங்கும் முற்பகலில் அதன் உச்சி மட்டும் தரையை ஒட்டித் தலைகாட்டும். வில்லின் வெளிவிளிம்பு சிவப்பு. ஆகவே கடைசியாக மறைவது அந்தச் செந்நிறப் பட்டைதான். தாழ்ந்து கிடக்கும் வில்லுக்குக் குருதியின் பெயரை இட்டவர்கள் இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருக்க வேண்டியதில்லை, பார்த்திருந்தாலே போதும். காஹிலியும் அப்படித்தான். எதிரே ஒரே ஓர் இடத்தில் மட்டும் மழைத்தாரை விழுந்தால் வளைவின் அந்தப் பகுதி மட்டும் ஒளிரும், தூணாக.

தலைவர்களின் குறி

காஹிலி என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மரபின் மையமே பிடிபடும். காஹிலி என்பது நீண்ட தண்டின் உச்சியில் பறவை இறகுகளை உருளையாகக் கட்டிய அரசச் சின்னம். அலிஇ எனப்படும் குலத்தலைவர்கள் உட்காரும் இடத்திலும் நடக்கும் வழியிலும் பணியாட்கள் அதைப் பக்கத்தில் ஏந்தி நிற்பார்கள். தொலைவிலிருந்து முதலில் தெரிவது காஹிலிதான். தலைவர் பிறகுதான் தெரிவார். ஹொனொலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இன்றும் பல காஹிலிகள் காட்சிக்கு இருக்கின்றன. நிமிர்ந்து நிற்கும் வானவில் துண்டுக்கு இந்தப் பெயர் வந்ததென்றால், வானமே ஒருவருக்குக் காஹிலி பிடிக்கிறது என்றுதான் பொருள்.

அலிஇ வம்சத்தார் தெய்வங்களின் வழித்தோன்றல்கள் என்பது நம்பிக்கை. அவர்களிடம் மானா எனும் தெய்வ ஆற்றல் செறிந்திருந்தது. அதைப் பாதுகாக்கவே காபு என்ற விலக்குகள் இருந்தன. மிக உயர்ந்த தலைவர் கடந்து போகையில் குடிமக்கள் மண்ணில் விழுந்து கிடக்க வேண்டும். சிவப்பும் மஞ்சளும் அவர்களுடைய நிறங்கள். செந்நிற இஇவி, மஞ்சள் இறகு தரும் ஓஓ போன்ற சிறு பறவைகளைப் பிடித்து, ஆயிரக்கணக்கான இறகுகளை வலைத்துணியில் கட்டி அவர்களுடைய மேலாடைகள் செய்யப்பட்டன. அப்படிப்பட்டவர் பிறக்கும்போதும் இறக்கும்போதும் ஓர் ஊருக்குள் வரும்போதும் இயற்கை சும்மா இருக்காது என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. இடி, பெருமழை, கடல் சிவத்தல் ஆகியவற்றோடு வானவில்லும் இந்தக் குறிகளின் வரிசையில் வந்தது. இத்தகைய குறிகளுக்குப் பொதுப்பெயர் ஹோஐலோனா. கடலின் மேலோ கரையிலோ தாழப் படர்ந்த செந்நிற மூட்டத்தைப் பூனோஹு என்று தனியே பெயரிட்டு, அதன் அடியில் ஓர் உயர்குலத்தார் இருக்கிறார் என்று கொள்வதும் உண்டு.

உமி என்ற தலைவனின் வரலாற்றில் இந்த நம்பிக்கை அரசியலாகவே வேலை செய்கிறது. ஹவாய்ப் பெருந்தீவின் தலைவன் லீலோவாவுக்கும், பட்டத்து மனைவியைவிடத் தாழ்ந்த நிலையினளான ஒரு பெண்ணுக்கும் பிறந்தவன் அவன். தந்தை இறந்ததும் மாற்றாந்தாய் மகனான அண்ணன் ஹாகாவுவின் கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடினான். வாய்ப்புனாலேய் என்ற இடத்தில் பெயரை மறைத்து, தோட்ட வேலையும் மீன்பிடியுமாக ஒரு சாதாரணக் குடியானவனைப் போல வாழ்ந்தான். கவோலேயோகு என்ற பூசாரி அந்த இளைஞனின் தலைக்கு மேல் அடிக்கடி வானவில் நிற்பதைக் கவனித்தார். ஐயம் தீர, வேண்டுதல் சொல்லி ஒரு பன்றியை அவிழ்த்துவிட்டார். பன்றி நேராகப் போய் உமியின் முன் நின்றது. அதன்பின் அந்தப் பூசாரியின் துணையோடுதான் உமி ஹாகாவுவை வீழ்த்தித் தலைமையைப் பிடித்தான். தாய்வழியில் தகுதி குறைந்தவன் என்ற பேச்சு எழக்கூடிய ஒருவனுக்கு வானமே சாட்சி சொன்னது என்று வம்ச வரலாற்றுக்காரர்கள் பாடி வைத்ததில் அவர்களுக்கு ஒரு தேவை இருந்திருக்கும். அதற்காக அவர்கள் நம்பாமல் சொன்னார்கள் என்று ஆகிவிடாது.

ஒளித்து வைக்க முடியாத பெண்

வானவில்லை மிக விரிவாகக் கையாளும் ஹவாய்க் கதை லாயியேகாவாய். எஸ். என். ஹாலேஓலே என்ற ஹவாய் எழுத்தாளர் பழைய வாய்மொழிக் கதையை எடுத்துச் செய்தித்தாளில் தொடராக எழுதி, 1863இல் நூலாக வெளியிட்டார். ஹவாய் மொழியில் ஹவாய்க்காரர் ஒருவர் எழுதிய முதல் புனைகதை நூல் என்று இதைச் சொல்வது வழக்கம். மார்த்தா பெக்வித் பின்னர் இதை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

ஓவாஹு தீவின் ஒரு தலைவன், ஆண் குழந்தை பிறக்கும்வரை பிறக்கும் பெண்களையெல்லாம் கொன்றுவிடுவது என்று சூளுரைத்திருந்தான். அவனுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். தாய்வழிப் பாட்டி வாகா ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு, நீருக்குள் முங்கித்தான் நுழைய முடிந்த ஒரு குகையில் ஒளித்து வளர்த்தாள். தகப்பன் கண்ணிலிருந்து தப்பியாயிற்று. ஆனால் குகைக்கு மேலே வானவில் வந்து நின்றது. பகலென்றும் இரவென்றும் பாராமல், அவள் எங்கே போனாலும் கூடவே போனது.

காவாயி தீவின் குறிசொல்லி ஹுலுமானியானி, நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான கடலுக்கு அப்பாலிருந்து அந்த வில்லைக் கண்டார். பார்த்ததும் ஓடிவரவில்லை. நாட்கணக்கில் காத்திருந்து, அது வந்து போகும் சாதாரண மழைவில்லா, ஓரிடத்திலேயே நிலைத்து நிற்கும் குறியா என்று சரிபார்த்தார். உறுதியானதும் காணிக்கைக்குக் கறுப்புப் பன்றியையும் வெள்ளைச் சேவலையும் ஆவாக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு படகேறினார். அவர் வந்து சேர்வதற்குள் பாட்டி பெண்ணோடு மொலோக்காய் தீவுக்கு நகர்ந்துவிட்டாள். வில்லும் நகர்ந்தது. குறிசொல்லியும் வில்லைப் பார்த்துக்கொண்டே தீவு தீவாகப் பின்தொடர்ந்தார். மனிதரைக் கேட்டு விசாரித்துத் தேடுவதைவிட வானத்தைக் கேட்பது அவருக்கு எளிதாக இருந்தது.

கடைசியில் லாயியேகாவாய் பெருந்தீவின் பூனா வட்டாரத்தில், மனிதர் கண்ணுக்குப் புலப்படாத பாலியுலி என்ற சோலையில் வைக்கப்படுகிறாள். அங்கே அவள் வீட்டின் கூரையே ஓஓ பறவையின் மஞ்சள் இறகுகளால் வேயப்பட்டது. பறவைகளின் சிறகுகளின் மேல் சாய்ந்திருப்பாள். அவளை மணம் பேச வந்த காவாயித் தலைவன் ஐவோஹிகுபுவா, தன் பெருமையாக ஓர் இறகு மேலாடையைக் கொண்டுவந்திருந்தான். தான் தோளில் போடும் இறகு இங்கே கூரையில் கிடப்பதைக் கண்டு கூசிப்போனான். இறகும் வானவில்லும் இந்தக் கதையில் ஒரே அளவுகோலின் இரண்டு முனைகள்; இரண்டும் ஒருவருடைய உயரத்தைச் சொல்கின்றன. இறகை மனிதர் சேர்க்க முடியும், அதனால் அதில் போட்டி போடலாம். வானவில்லைச் சேர்க்க முடியாது.

பாதையும் தூதும்

காநே, கனலோவா என்ற இரு பெருந்தெய்வங்களின் சகோதரியாக ஆனுவேனுவே என்ற பெயரிலேயே ஒரு பெண் தெய்வம் சில கதைகளில் வருகிறாள். அண்ணன்மார் சொல்லும் செய்தியை எடுத்துச் செல்வதும், குறிப்பிட்ட குழந்தையைக் குறிப்பிட்ட இடத்திலிருந்து அழைத்து வருவதும் அவள் வேலை. தனி வழிபாடோ பெரிய கோயிலோ பெற்ற தெய்வமாக அவள் வளரவில்லை. மாவோரி மக்களிடம் வானவில்லோடு இணைந்த காஹுகுரா என்ற ஆண் தெய்வம் உண்டு. ஹவாயில் அதன் இடத்தில் ஒரு தூதுப்பெண்.

பாதையாக வரும் கதைகளில் ஹினாவினுடையது மறக்க முடியாதது. ஹினா நாளெல்லாம் மரப்பட்டையை அடித்து அடித்துக் காபா துணி செய்து சலித்துப்போனவள். கணவனால் உதவியில்லை. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வானவில்லின் மீது ஏறி நடந்தாள். முதலில் சூரியனை நோக்கிப் போனாள். சூடு பொறுக்கவில்லை, திரும்பினாள். பிறகு முழுநிலவு நாளில் நிலவை நோக்கி ஏறினாள். கணவன் எட்டிக் காலைப் பிடித்து இழுத்தான். கால் ஒடிந்தது. நொண்டிக்கொண்டே அவள் நிலவுக்குப் போய்ச் சேர்ந்தாள். நிலவின் கறைகளில் இன்றும் அவளைப் பார்க்கலாம் என்பார்கள்.

லோனோ தெய்வம் மனைவி தேடிய கதையும் வானவில்லில்தான் தொடங்குகிறது. தூதர்கள் வாய்ப்பியோ பள்ளத்தாக்கில், ஹீலாவே அருவிப் பக்கம் கைகிலானி என்ற அழகியைக் கண்டுபிடித்தார்கள். லோனோ வானவில் வழியே இறங்கி வந்து அவளை மணந்தார். பின்னர் பொறாமையால் அவளை அடித்தே கொன்று, பித்துப் பிடித்தவர் போல் தீவெங்கும் மல்யுத்தம் செய்துகொண்டு சுற்றினார். போரும் உழைப்பும் நிறுத்தப்பட்டு விளையாட்டுகள் நடக்கும் மகாஹிகி பருவம் இந்தத் துயரத்திலிருந்து பிறந்தது என்று ஒரு மரபு சொல்கிறது. வானவில்லில் வந்த மாப்பிள்ளை என்பதால் பெண்ணுக்கு ஒரு நன்மையும் நேரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எரிமலைத் தெய்வமான பேலேயின் தங்கை ஹிஇயாகா காவாயியின் ஹாஎனாவில் இறந்து கிடந்த லோஹிஅவு என்பவனை உயிர்ப்பித்ததும், செங்குத்தான பாறைக் குகையிலிருந்து கீழே இறங்குவதற்கு மூன்று வானவில்கள் படியாக அமைந்தன. வானவில்லின் பெயரையே தாங்கிய ஓர் அருவியும் பெருந்தீவில் ஹீலோ நகரை ஒட்டி வைலுகு ஆற்றில் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 24 மீட்டர். வாய்ஆனுவேனுவே, வானவில் நீர் என்பது அதன் பெயர். காலை வெயில் சாரலில் படும்போது அங்கே வில் தெரியும். அருவிக்குப் பின்னுள்ள குகையில் மாவுயி என்ற வீரனின் தாயான இன்னொரு ஹினா குடியிருந்ததாகவும், ஆற்றை அடைத்து அவளை மூழ்கடிக்கப் பார்த்த குனா என்ற நீர்ப்பிராணியை மாவுயி கொதிக்கும் கற்களைப் போட்டுக் கொன்றதாகவும் கதை.

மானோவாவின் மகள்

ஹொனொலுலுவுக்குப் பின்னால் மலைக்குள் நீளும் மானோவா பள்ளத்தாக்கில் வானவில் ஒரு பெண்ணாகவே இருக்கிறது. அவள் பெயர் காஹாலாஓபுனா. தந்தை மானோவாவின் காற்று, காஹாவுகானி. தாய் மானோவாவின் மழை, காவுவாகுவாஹினே. அவள் வீட்டைச் சுற்றி எப்போதும் நிறங்கள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. கைலுவாவின் தலைவன் கவுஹிக்கு அவளைச் சிறுவயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அவளோடு பழகியதாக இரண்டு ஆண்கள் பொய்யாகப் பெருமை அடித்துக்கொண்டார்கள். கவுஹி விசாரிக்கவில்லை. அவளைக் காட்டுக்குள் அழைத்துப்போய், தாழைக் காய்க்கொத்தால் அடித்துக் கொன்று புதைத்தான்.

அவளுடைய காவல் தெய்வமான ஆந்தை மண்ணைக் கிளறி எடுத்து உயிர்ப்பித்தது. அவன் மறுபடியும் கொன்றான். ஆந்தை மறுபடியும் எழுப்பியது. இப்படி மலைமுகடு தோறும் அவள் செத்துப் பிழைத்தாள். கோவா மரத்தின் வேர்களுக்கு இடையே புதைத்தபோதுதான் ஆந்தையால் தோண்ட முடியாமல் போயிற்று. மாஹானா என்ற இளைஞன் கண்டெடுத்து அவளைக் காப்பாற்றினான். உண்மை வெளிப்பட்டு கவுஹியும் பொய் சொன்ன இருவரும் நில அடுப்பில் சுடப்பட்டார்கள். கவுஹி சுறாவாகி, பின்னொரு நாள் கடலாடப் போன அவளை விழுங்கினான். இந்த முறை மீட்சியில்லை. பெற்றோர் மனித உருவத்தைத் துறந்தார்கள்; தாய் மழையாகவே ஆகிவிட்டாள். மழை பெய்து வெயில் அடிக்கும்போது மகள் வந்து நிற்கிறாள். எம்மா நாகுஇனா என்ற ஹவாய்ப் பெண்மணி எழுதிய வடிவம் தாமஸ் த்ரம் 1907இல் வெளியிட்ட நாட்டார் கதைத் தொகுப்பில் இருக்கிறது.

காற்றுக்கும் மழைக்கும் பிறந்தவள் வானவில் என்பது அந்தப் பள்ளத்தாக்கின் வானிலைக் குறிப்பும்கூட. வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று கூலாவு மலைத்தொடரில் மோதி எழும்பி மழையாகிறது. தூறல் முகட்டைத் தாண்டி உள்ளே சிதறும்போது, கடற்கரைப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மானோவாவின் உட்பகுதியில் பெய்யும் மழை, சில கிலோமீட்டர் தள்ளியுள்ள வைகிகி கடற்கரையைப் போலப் பல மடங்கு. மாலைச் சூரியன் மேற்கே இறங்க, மழைத்திரை கிழக்கே நிற்க, வில் எழுந்தே தீர வேண்டும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் வானிலை அறிஞர் ஸ்டீவன் பிசிங்கர், உலகிலேயே மிகச் சிறந்த வானவில்கள் ஏன் இங்கே தோன்றுகின்றன என்று 2021இல் ஒரு கட்டுரை எழுதினார். வணிகக் காற்று, மலைகள், தூசியற்ற கடற்காற்று ஆகியவையே அவர் சொல்லும் காரணங்கள். மழைக்கு மட்டும் 200க்கும் மேற்பட்ட பெயர்கள் வைத்திருந்த மக்களுக்கு இது புதுச்செய்தியாக இருந்திருக்காது.

சகுனமும் சமயமாற்றமும்

அன்றாட வாழ்வில் வானவில் என்ன சொல்கிறது என்பது அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கிளம்பியவனின் வழிக்குக் குறுக்கே எதிரில் நின்றால் தடை, திரும்பிவிடுவது நல்லது. பின்னாலோ பக்கத்திலோ கூட வந்தால் துணை. எல்லாருக்கும் எப்போதும் ஒரே பொருள் என்ற வாய்ப்பாடு இருந்ததில்லை. யார் பார்க்கிறார், எதற்காகப் போகிறார் என்பதையும் சேர்த்தே படித்தார்கள்.

1820இல் கிறிஸ்தவ மிஷனரிகள் வந்தார்கள். 1839இல் முழு விவிலியமும் ஹவாய் மொழியில் வெளிவந்தது. நோவாவின் வெள்ளக் கதையில் இறைவன் மேகத்தில் வைக்கும் வில்லுக்கும் ஆனுவேனுவே என்ற சொல்லே பயன்பட்டது. ஒரு குலத்தலைவரைச் சுட்டிய குறி, மனிதகுலம் முழுமைக்குமான உடன்படிக்கையாகவும் ஆயிற்று. 1866இல் தீவுகளுக்கு வந்த மார்க் ட்வெய்ன், பகலிலும் இரவிலும் வானவில்களைப் பார்த்துவிட்டு, கேப்டன் குக் இவற்றுக்கு வானவில் தீவுகள் என்று பெயர் வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். குக் வைத்த பெயர் ஒரு பிரபுவைக் குளிர்விப்பதற்கான சாண்ட்விச் தீவுகள்.

இன்று ஹவாய் மாநில வாகனங்களின் எண்பலகையில் வானவில் இருக்கிறது. ஹவாய்ப் பல்கலைக்கழக அணிகளின் பெயரிலும் அது உண்டு. அந்தப் பெயர் 1923இல் ஓர் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின்போது மைதானத்தின் மேல் தோன்றிய வில்லிலிருந்து வந்தது என்பார்கள். உலகம் ஹவாயோடு சேர்த்து நினைக்கும் வானவில் பாட்டு இஸ்ரேல் காமகாவிவோஓலே 1993இல் உக்குலேலேயோடு வெளியிட்டது. ஆனால் அந்தப் பாட்டு 1939ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்கத் திரைப்படத்துக்கு எழுதப்பட்டது. அதில் வானவில் கனவுகளுக்கு எல்லைக்கோடு. விரும்பியது அதற்கு அப்பால் இருக்கிறது. ஹவாய்க் கதைகளின் வில்லுக்கு அப்பால் என்று ஓர் இடமில்லை. அதன் அடியில்தான் ஆள் இருக்கிறார்.

ஹவாய் மொழியில் பாடம் நடத்துவது 1896இல் சட்டத்தால் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பிறகே பொதுப்பள்ளிகளுக்கு அது திரும்பி வந்தது. அந்த மொழியிலேயே எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் ஒரு பள்ளி, மானோவாவுக்கு அடுத்த பாலோலோ பள்ளத்தாக்கில் இருக்கிறது. அதன் பெயர் ஆனுவேனுவே.